அந்தக் குட்டி நல்லா நடிச்சாளா?

திரைப்பட வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் திரைப்படக் கழகத் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, வணக்கம்.

நாகர்கோவிலில் ஒரு நூலகத்து மாடியில் மாதம் ஒருமுறை படம் போட்டுப் பேசுகிற சின்னக் குழு எங்களுடையது. முப்பது நாற்காலி, இரவல் புரொஜெக்டர், சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மலையாளத்தின் முதல் மௌனப்படமான ‘விகதகுமாரன்’ பற்றி நான் பேச வேண்டும். காட்டுவதற்குப் படம் கிடையாது, பிரதி எதுவும் மிஞ்சவில்லை. துணியில் வெறும் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்க, வழக்கம்போலக் கதை சொன்னேன். புலையர் சாதியில் பிறந்த பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். கதாநாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவுக்கு முத்தம் கொடுக்கிற காட்சியில் திரையைக் கல்லால் அடித்தார்கள். அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். லாரியில் ஏறித் தப்பி வந்து நம் நாகர்கோவிலில் வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். சொல்லி முடித்ததும் அறையில் ஒரு அமைதி. எத்தனையோ கூட்டங்களில் இதே இடத்தில் இதே அமைதியைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் பேரனோடு வந்திருந்த ஒரு அம்மா. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்து ஓய்ந்தவர். கொட்டைப்பால் பட்டுக் கறுத்த விரல்கள். கையைத் தூக்காமலே கேட்டார்: “சாரே, அதெல்லாம் சரி. அந்தக் குட்டி நல்லா நடிச்சாளா?”

என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததைவிட, இந்தக் கேள்வி இத்தனை வருடத்தில் எனக்கே ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்பதுதான் அன்று இரவு முழுவதும் உறுத்தியது. ஒரு நடிகையைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கிறேன். அவர் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால்தான் இந்த மடல். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது ரோசியை எல்லோருக்கும் தெரியும். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. சென்னையில் அவர் பெயரில் திரைப்பட விழா நடக்கிறது. மலையாளத் திரையுலகப் பெண்கள் அவர் பெயரில் 2019இல் ஒரு திரைப்படக் கழகமே தொடங்கினார்கள். இதெல்லாம் நல்ல வேலை, மனதார வாழ்த்துகிறேன். ஆனால் வகுப்பறையில், பாடக்குறிப்பில், தேர்வுத்தாளில் அவர் இன்னும் ஒரே ஒரு வரி: ‘முதல் மலையாள நாயகி, தலித் பெண், நடித்ததால் விரட்டப்பட்டார்.’ மாணவன் அதை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகிறான். அந்த வரியில் பொய் ஏதும் இல்லை. அதில் அவர் செய்ததாக இருப்பது ஒரே ஒரு வினைச்சொல். மீதி எல்லாம் அவருக்குப் பிறர் செய்தது.

அவர் செய்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

சினிமாவுக்கு வரும்போது ரோசி ஒன்றும் தெரியாத பெண் இல்லை. காக்காரிசி நாடகம் ஆடியவர். தென் திருவிதாங்கூரின் நாட்டார் கூத்து அது. தமிழும் மலையாளமும் கலந்த பாட்டு, நடுநடுவே ஊர்ப் பெரிய மனிதர்களைச் சீண்டுகிற பேச்சு. அதில் சிவனும் பார்வதியும் குறி சொல்லிப் பிழைக்கிற நாடோடிகளாக, காக்காலனாகவும் காக்காத்தியாகவும், ஊருக்குள் வருகிறார்கள். சாமி கீழே இறங்கிக் குறத்தி வேடம் கட்டுவதை யாரும் குற்றம் சொன்னதில்லை. விடிய விடியக் கைதட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூத்தில் ஒரு பெண் மேடையேறுவதே அபூர்வம், பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டுவார்கள். அப்படிப்பட்ட மேடையில் நின்று பழகியவர் ரோசி. கூட்டத்தின் கண்ணை எங்கே இழுக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த தொழிலாகத்தான் இருந்திருக்க வேண்டும். காமிரா முன் அவர் நின்றபோது அந்தப் பயிற்சியும் கூடவே நின்றது. ‘கூலி வேலைக்குப் போகிற மாதிரி மதியச் சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்து போனார்’ என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பரிதாபத்தோடு சொல்லப்படுகிற செய்தி அது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. வேலைக்கு வந்தார், வேலையை முடித்தார், வீட்டுக்குப் போனார். தொழில்காரர் ஒருவரின் நடை அது.

அவருக்கு முன்னால் அந்த வேடத்துக்குப் பம்பாயில் இருந்து ஓர் ஆங்கிலோ இந்திய நடிகையைத்தான் படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் வரவழைத்தார். ஒத்துவராமல் அவர் திரும்பிப் போன பிறகுதான் ரோசி வருகிறார். இந்தத் தகவலை நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம், அந்த நடிகை கேட்ட வசதிகளைப் பற்றிய கதையாக. அதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அந்தக் காலத்து இந்திய மௌனப்படத்தின் கதாநாயகிகள் யார்? ‘சுலோச்சனா’ என்ற பெயரில் நாடே கொண்டாடியவர் ரூபி மையர்ஸ், பாக்தாதி யூதர். ‘சீதா தேவி’ என்று 1925இல் புத்தர் கதையில் நடித்தவர் ரெனி ஸ்மித், ஆங்கிலோ இந்தியர். கல்கத்தாவின் பேஷன்ஸ் கூப்பரும் அப்படியே. குடும்பப் பெண்கள் காமிரா முன் வர மறுத்த காலம். 1913இல் பால்கே தன் முதல் படமான ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் அரசி தாராமதி வேடத்துக்கே சாலுங்கே என்ற ஆணைத்தான் போட்டார். ஆக, யூதப் பெண் இந்து இளவரசி ஆகலாம், ஆங்கிலோ இந்தியப் பெண் இளவரசன் புத்தனின் மனைவி ஆகலாம், மீசை மழித்த ஆண் தாராமதி ஆகலாம். பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் மௌன சினிமா ஒருவகையில் இன்றைய சினிமாவைவிடவும் பலவகை மனிதர்கள் கலந்த இடம். சாதி அடுக்குக்கு வெளியே நின்றவர்களுக்கு அங்கே வாசல் திறந்திருந்தது. அடுக்குக்குள்ளேயே அடித்தட்டில் வைக்கப்பட்டவர்களுக்கு அது திறக்கவில்லை. ‘ஆரம்பகால சினிமாவில் பன்மைத்தன்மை’ என்று தலைப்பு வைத்துப் பாடம் நடத்தும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் பாடமே தவறான இடத்தில் போய் நிற்கும்.

பம்பாயில் இருந்து வந்த அந்த நடிகையே படத்தின் நாயகி சரோஜினியாக நடித்திருந்தால் கல் விழுந்திருக்குமா? விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். பூவுக்கு முத்தம் கொடுத்ததுதான் கோபம் என்று நாம் சொல்லிக்கொண்டு திரிகிறோம். பூவில் ஒன்றும் இல்லை. யார் தலையில் இருந்த பூ என்பதுதான் விஷயம்.

இது மௌனப்படம் என்பதை மறந்துவிடுகிறோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் ஊமைப்படம் என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்களில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாதி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு விளிச்சொல், ஒரு இழுப்பு, அது போதும். ஊமைப்படத்தில் அந்தக் கணக்குக்கு வழியில்லை. திரையில் இருந்தது ஒரு பெண்ணின் முகம், நடை, உடுத்திய புடவை, கூந்தலில் பூ. நாயர் வீட்டுப் பெண் என்று கதை சொன்னது, நாயர் வீட்டுப் பெண்ணாக அவர் நடந்தார். படத்துக்குள் அவரைக் காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. சாதியைப் பார்வையாளர்கள்தான் வெளியில் இருந்து கொண்டுவந்தார்கள், பக்கத்துத் தெருக்காரியாக அவரை அவர்களுக்குத் தெரியும் என்பதால். இதை நான் அந்த அம்மாவுக்குப் பதிலாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அவர் மோசமாக நடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். திரையில் நாயர் பெண் நம்பும்படி நின்றதால்தான் அத்தனை ஆத்திரம் வந்திருக்கும். இது என் ஊகம், ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கல் எறிவதற்கு எவ்வளவு கோபம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறபோது இந்த ஊகத்தை விட முடியவில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய இந்தியப் படங்கள் பெரும்பாலும் புராணம். மதராசில் நடராஜ முதலியார் எடுத்த தென்னாட்டின் முதல் படமும் கீசகனின் கதைதான். புராணத்தில் வருகிற பெண் யாருக்கும் பக்கத்து வீட்டுக்காரி இல்லை. டேனியல் எடுத்தது சமகாலக் கதை, திருவிதாங்கூரில் நடக்கிற குடும்பக் கதை. சரோஜினி அந்த ஊரில் இருந்திருக்கக்கூடிய பெண். ‘புராணத்தை விட்டுச் சமூகக் கதை எடுத்த முன்னோடி’ என்று டேனியலைப் பாராட்டுகிறோம், சரிதான். அந்த முன்னோடித்தனத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள்.

உடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் புரியவைக்க முடியாது. மாணவர்களுக்கு இது உடனே பிடிபடும் என்பதை என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல் துணி போடுவதற்காக 19ஆம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் அடி வாங்கினார்கள். 1859இல்தான் அரசு ஆணை வந்தது. அந்தத் தோள்சீலைக் கலகம் நடந்த மண் நாங்கள் நிற்கிற இதே மண். புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலைதான் அணியலாம் என்று இருந்த கட்டாயத்தை உடைத்து, புலையர் தலைவர் அய்யங்காளியின் தலைமையில் 1915இல் கொல்லம் பகுதியில் நடந்த பெரிநாட்டுப் போராட்டத்தின்போது மாலைகளைக் கழற்றி எறிந்தார்கள். ரோசி அப்போது சிறுமி. அதாவது, தன் சாதிப் பெண்கள் எதை உடுத்தலாம், எதை அணியலாம் என்பதற்கு ரத்தம் சிந்திய காலத்தில் வளர்ந்த ஒரு பெண், வளர்ந்ததும் காமிரா முன்னால் நாயர் பெண்ணின் உடையையும் நகையையும் அணிந்து நிற்கிறார். சினிமாக்காரர்களுக்கு அது ‘காஸ்ட்யூம்’. அந்த ஊருக்கு அது சட்டமீறல். அன்றைய கூட்டத்தில் இதைச் சொன்னதும் அண்டி ஆபீஸ் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார்: “துணி உடுத்ததுக்கே அடிச்சவனுவ மக்கா, உடுத்தி நடிச்சா சும்மா விடுவானுவளா?” நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த குறிப்பு அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது.

படம் திரையேறிய ஆண்டைப் பற்றி இரண்டு கணக்கு உண்டு. 1928 என்பது வெகுகாலமாகச் சொல்லப்படுவது, 1930 என்பது பிந்தைய ஆய்வாளர்கள் சொல்வது. எந்தக் கணக்கை எடுத்தாலும், கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு இன்னும் ஆறு வருடமாவது இருந்தது. அது 1936இல். திருவனந்தபுரம் கேபிட்டல் தியேட்டரில் படம் திறந்தபோது கதாநாயகிக்கு உள்ளே இடம் இல்லை. தன் முகம் திரையில் பெரிதாக விழுவதை அவர் அங்கே உட்கார்ந்து பார்க்கவில்லை. கோயிலுக்குள் விடாதவர்கள் கொட்டகைக்குள்ளும் விடவில்லை. திரையில் அவர் இருக்கலாம், திரைக்கு எதிரே இருக்கக் கூடாது. இந்தப் படத்தின் ‘பிரதிநிதித்துவம்’ என்னவென்று ஒரு மாணவர் கேட்டால் எனக்கு இந்த இடத்தைத்தான் காட்டத் தெரியும்.

சரி, படத்தின் கதைக்கு வருவோம். அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. திருவிதாங்கூர்ப் பணக்காரக் குடும்பத்துப் பையன் சந்திரகுமாரனை பூதநாதன் என்ற வில்லன் இலங்கைக்குக் கடத்திப் போகிறான். பையன் அங்கே தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். வெள்ளைக்கார முதலாளிக்கு அவனைப் பிடித்துப்போய், சூப்பிரண்ட் ஆகிவிடுகிறான். பிறகு உறவுக்காரனான ஜெயச்சந்திரன் இலங்கை வர, இருவரும் நண்பர்களாகி ஊர் திரும்புகிறார்கள். ஜெயச்சந்திரனுக்கும் சந்திரகுமாரனின் தங்கை சரோஜினிக்கும் காதல். முதுகில் இருந்த ஒரு தழும்பால் தொலைந்த பிள்ளை அடையாளம் தெரிகிறான்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் எங்கே குத்துகிறது என்று நான் சொல்லவே வேண்டாம். இலங்கைத் தோட்டம். அங்கே கூலி வேலை பார்த்தவர்கள் யார்? திருநெல்வேலியில் இருந்தும் மதுரையில் இருந்தும் திருச்சியில் இருந்தும் தஞ்சையில் இருந்தும் கங்காணிகள் ஓட்டிப் போன தமிழர்கள், அவர்களில் பெரும் பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் ஒருவர் முதலாளிக்குப் பிடித்துப்போனதால் சூப்பிரண்ட் ஆக முடியுமா? கதையில் முடிகிறது, ஏனென்றால் அவன் உண்மையில் கூலி இல்லை, காணாமல் போன பெரிய வீட்டுப் பிள்ளை. பெரிய வீட்டுப் பிள்ளை கூலியானால் அது சோகம், மீண்டால் சுபம். பிறந்ததில் இருந்தே கூலியாக இருப்பவர்களுக்குக் கதை இல்லை, அவர்கள் பின்னணி. கதைச் சுருக்கத்தை மட்டும் வைத்து ஒரு படத்தை முழுதாக எடைபோடக் கூடாது என்பது தெரியும், டேனியல் அந்தத் தோட்டத்தை எப்படிப் படமாக்கினார் என்று நாம் பார்க்கவில்லை. ஆனாலும் கதையின் எலும்புக்கூடு இதுதான். அதில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது: யாருடைய கதை அந்தப் படத்தில் சொல்லப்படவில்லையோ, அந்த மக்களில் ஒருத்திதான் அதன் நாயகி. காமிராவுக்கு முன்னால் தலித் பெண், கதைக்குள் நாயர் பெண். ஒரே சட்டகத்தில் இரண்டும் இருக்கின்றன. திரையில் யார் இருக்கிறார் என்று கேட்பது ஒன்று, யாருடைய வாழ்க்கை கதையாகிறது என்று கேட்பது வேறொன்று. இரண்டையும் ஒரே படத்தை வைத்து நடத்தக் கிடைக்கிற பாடம் இது. இதை விட்டுவிட்டு அமெரிக்க மௌனப்படங்களைத் தேடிப் போய் நடத்துகிறோம். அவற்றையும் நடத்த வேண்டும்தான். இது நம் வீட்டு வாசலில் கிடக்கிறது.

டேனியலைப் பற்றி. அவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர், நாடார், தமிழ் பேசியவர். அந்தப் பக்கத்தில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு அவர் மேல் பெருமை உண்டு, மறைக்கவில்லை. அடிமுறை, சிலம்பம் தெரிந்தவர், வாள்வீச்சைப் பற்றி 1915இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதினார். மதராசில் ஸ்டுடியோ வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பம்பாய்க்குப் போய், பள்ளி ஆசிரியர் என்று சொல்லி உள்ளே நுழைந்து தொழிலைப் பார்த்துக்கொண்டார். நிலத்தை விற்று 1926இல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் நேஷனல் பிக்சர்ஸ் தொடங்கினார். எழுதி, இயக்கி, தயாரித்து, படம்பிடித்து, நடித்தார். எல்லாவற்றையும் இழந்தார். பிறகு பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார். முதுமையில் உதவி கேட்டபோது, தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் கைவிரித்தார்கள். 1956இல் எல்லை மாறியதில் அவர் ஊர் சென்னை மாநிலத்துக்கு வந்திருந்தது. 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதைக் கொடுக்கிறது. அவர் கதை பெரிய கதை, 2013இல் ஒரு மலையாளப் படமாகவும் வந்துவிட்டது.

அவர் துணிந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் கேட்பது வேறு. இருவரும் ஒரே படத்தால் அழிந்தவர்கள். அவர் இழந்தது சொத்து. ரோசி இழந்தது ஊர், வீடு, பெயர், தொழில், தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்கிற உரிமை. நாம் டேனியலின் கதையில் ரோசியை ஒரு அத்தியாயமாக வைத்துச் சொல்கிறோம், அவர் துயரத்துக்கு மேலும் கனம் சேர்க்க. அதற்குப் பதிலாக ஒருமுறை ரோசியில் தொடங்கிப் பாருங்கள். காக்காரிசி மேடையில் இருந்து தொடங்குங்கள். டேனியல் நடுவில் வரட்டும், ஒரு நடிகையின் வாழ்க்கையில் குறுக்கிட்ட ஒரு இயக்குநராக. வகுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். நான் இரண்டு முறை செய்து பார்த்தேன்.

நாகர்கோவில் வாழ்க்கையைப் பற்றி நான் பல வருடம் ஒரு வாக்கியம் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். லாரி ஓட்டுநரைத் திருமணம் செய்துகொண்டார், அவர் நாயர், ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். ‘திரையில் சில நாள் போட்ட வேடத்தை வாழ்நாள் முழுக்கப் போட்டார்’ என்று. கேட்க நன்றாக இருக்கும். இப்போது அதைச் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு பெண் சமைத்து, பிள்ளை பெற்று, வளர்த்து, வயதாகி வாழ்ந்த பல பத்தாண்டு வாழ்க்கையை ‘வேடம்’ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ராஜம்மா என்பது அவர் பிறந்தபோது வைத்த பெயர். ரோசிதான் பின்னால் வந்தது. நாம் கண்டுபிடித்துக் கொண்டாடுகிற பெயரைவிட, நாகர்கோவிலில் அவரைக் கூப்பிட்ட பெயர் அவருக்கு நெருக்கமானதாக இருந்திருக்கலாம். நீங்களும் இந்த வாக்கியத்தைச் சொல்பவரானால் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதேபோல அவர் குடும்பத்தைத் தேடிக்கொண்டு மாணவர்களை அனுப்பாதீர்கள். ‘களப்பணி’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், எங்களிடமே முகவரி கேட்பார்கள். தன் பழைய கதையைச் சொல்லாமல் வாழ்வது என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவுக்குக் காரணமான பயம் நம் சமூகம் கொடுத்தது. அந்தப் பயம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. நம் ஆராய்ச்சிக்காக ஒரு வீட்டுக் கதவைத் தட்டி ‘உங்கள் சாதி என்ன’ என்று வேறு வார்த்தைகளில் கேட்பது அந்தக் கல்லெறிக்கு வெகு தூரத்தில் இல்லை.

களப்பணிக்கு வேறு இடம் நிறைய இருக்கிறது. காக்காரிசி ஆடிய கலைஞர்கள் தெற்குக் கேரளத்திலும் எல்லையோரத்திலும் இன்னும் இருக்கிறார்கள், எல்லோரும் வயதானவர்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். காக்காத்தி எப்படி மேடைக்குள் நுழைவாள், கண்ணை எப்படிப் போடுவாள், இடுப்பில் கை எங்கே இருக்கும் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ரோசியின் உடம்பு எந்தப் பயிற்சியில் வளர்ந்தது என்பதை அறிய நமக்கு மிஞ்சியிருக்கிற வழி அது ஒன்றுதான். அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், பத்திரிகை அறிவிப்புகள், கொட்டகைக் கணக்குகள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் ஸ்கேன் செய்து ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். இந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப்படங்கள் ஏறக்குறைய 1,300. முழுதாக மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். விகதகுமாரனின் பிலிம் சுருளைச் சிறு வயதில் விளையாட்டாகக் கொளுத்திவிட்டதாக டேனியலின் மகனே பின்னாளில் வருந்திச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம், ஒரு தீக்குச்சி போதும். மலையாளத்தின் இரண்டாவது மௌனப்படமான ‘மார்த்தாண்ட வர்மா’ 1933இல் பதிப்புரிமை வழக்கில் மாட்டி முடங்கியது, முடங்கியதாலேயே பிரதி பத்திரமாக இருந்து, பின்னால் புனே காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எது மிஞ்சும், எது எரியும் என்பதில் நியாயம் ஒன்றும் கிடையாது.

கடைசியாக அந்தப் புகைப்படம். பூ வைத்து, பக்கவாட்டில் பார்க்கிற ஒரு பெண்ணின் மங்கலான படம், ரோசி என்று எங்கும் சுற்றுகிறது. அது அவர்தான் என்று உறுதி செய்யப்படவில்லை. நீங்களும் போடுகிறீர்கள், போன வருடம் வரை நானும் போட்டேன். ஓவியர்கள் மனதில் கண்டு வரைவதில் எனக்கு மறுப்பு இல்லை, வரைந்தது என்று பார்க்கும்போதே தெரிகிறது. புகைப்படம் அப்படி இல்லை. யாரோ ஒரு பெண்ணின் முகத்தை ஒட்டி ‘இதோ ரோசி’ என்றால், அவர் முகம் அழிக்கப்பட்டது என்கிற உண்மையையும் சேர்த்து அழிக்கிறோம். பாடத்தில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பெயரை எழுதுங்கள், மேலே வெற்றுச் சட்டகம் இருக்கட்டும். மாணவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அப்போது சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் அதைத்தான் செய்தேன். மார்த்தாண்ட வர்மாவின் சில பகுதிகளைக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் துணியில் வெறும் வெளிச்சம். ஈரக்காற்றில் துணி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, ஜன்னல் பக்கம் ஒரு பல்லி அதன் மேல் ஊர்ந்து போனது. அந்த அம்மா இந்த முறை முன் வரிசையில் இருந்தார். நான் அவரிடம் போய், “நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியாதும்மா. படம் எரிஞ்சு போச்சு, பாத்தவங்க யாரும் எழுதி வைக்கல” என்றேன்.

கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டேன்னு எழுதி வையும் சாரே” என்றார்.

எழுதிவிட்டேன். உங்கள் வகுப்பிலும் யாராவது கேட்கட்டும்.

தோழமையுடன்,
நாகர்கோவிலில் இருந்து ஒரு திரைப்படக் கழக உறுப்பினர்